பொன்னிறப் பூச்சும் உள்ளிருக்கும் உருக்கும்

கொட்டாஞ்சேனையில் என் பழைய மாணவர் ஒருவர் சிறியதொரு லேத் பட்டறை நடத்துகின்றார். அண்மையில் அங்குச் சென்றபோது அவர் முகம் வாடியிருந்தது. பதமேற்றிக் கடினமாக்கிய லொறி அச்சொன்றைக் கடையவேண்டிப் பொன்போல் மின்னும் கருவியொன்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்தார். ஒரு சாண் கடைவதற்குள் அதன் முனை மழுங்கிவிட்டது. "பூச்சு இல்லாததும் மழுங்குகிறது, பூச்சு உள்ளதும் மழுங்குகிறது. பின் பூச்சு எதற்கு, சேர்?" என்றார்.

கலைப் பட்டதாரியாகிய எனக்கு இயந்திரநூல் அந்நியம். ஆயினும் வரலாறு கற்பித்தவன் என்ற துணிவில் விடை தேடினேன்.

நமது தீவுக்கு இக்கலை புதிதன்று. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவவின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளைப் பற்றி ஜிலியன் ஜூலெஃப் என்னும் அம்மையார் 1996-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி, சரந்தீபத்து உருக்கையும் குறிப்பிடுகின்றார். மூசையில் உருக்கு ஆக்கும் நாட்டுமுறையைக் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908-ல் வெளிவந்த தம் நூலிற் பதிந்து வைத்தார். இரும்பையும் மரத்துண்டுகளையும் களிமண் மூசையில் அடைத்துச் சூடேற்றுவர். கரி இரும்பினுள் ஊறும். அவ்வுருக்கின் கடினம் மேனியில் மட்டும் நிற்பதன்று. உடல் முழுவதும் பரவியது.

அதன் பகை வெப்பம். வேகமாகக் கடைந்தால் முனை சூடேறி இளகிவிடும். தங்குதன் முதலியவற்றைச் சேர்த்து, செந்தணல் நிறத்திலும் இளகாத அதிவேக உருக்கை அமெரிக்கரான டெய்லரும் வைற்றும் ஆக்கி, 1900-ல் பாரிஸ் கண்காட்சியிற் காட்டினர். 1926-ல் ஜேர்மனியின் குருப் நிறுவனம் தங்குதன் காபைட்டுத் தூளைக் கோபாற்றுடன் அழுத்திச் சுட்ட கருவியை 'விடியா' என்று விற்றது; வைரம் போன்றது என்பது பொருள். இதுகாறும் மாற்றியது உடலையே.

காபைட்டுக்கும் ஒரு நோய் உண்டு. கொதிக்கும் உருக்குச் சுருள் அதன் மேற்பரப்பில் உராய்ந்து ஓடும்போது காபைட்டு சிறுகச் சிறுகக் கரைந்து, விளிம்பை அடுத்துக் குழி விழும். 1969-ல் காபைட்டின் மேல் தைத்தேனியம் காபைட்டுப் பூசப்பட்ட முனைகள் சந்தைக்கு வந்தன. பூச்சின் தடிப்பு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 5 பங்கு அளவே; தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. அது சுருளுக்கும் உடலுக்கும் இடையே தடையாக நிற்பதால் முனை நெடுநேரம் உழைக்கின்றது, வேகத்தையும் கூட்டலாம். எனினும் முதலிற் கண்ட முறைக்கு 1,000 பாகை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் அதிவேக உருக்கின் பதம் கெட்டுவிடும். ஏறத்தாழ 500 பாகையிலேயே வெற்றிடத்தில் பூசும் முறை 1980-ஐ அடுத்துப் பரவிய பின்னரே, தைத்தேனியம் நைதரைட்டின் பொன்னிறம் சாதாரணத் துளைக்கம்பிகளிலும் ஏறிற்று.

என் மாணவரை ஏமாற்றியது அப்பொன்னிறமே. உள்ளே இருந்தது அதிவேக உருக்கு. கடைய வந்த அச்சோ ஏறக்குறைய அதே கடினம். அழுத்தத்தில் உள்ளுடல் நெகிழ, மேலிருந்த பூச்சு முட்டையோடு போல் நொறுங்கிற்று. வாங்குவோரிடம் நிறத்தைக் காட்டி உடலைச் சொல்லாமல் விடும் வியாபாரம் எனக்கு உவப்பானதன்று.

கடினமாக்கிய உருக்குக்குக் காபைட்டு உடலே வேண்டும். அதன்மேல் அலுமினியமும் கலந்த நைதரைட்டுப் பூச்சு இருப்பின் மிக நன்று, வெப்பத்தில் அது தானே ஒட்சைட்டுப் படலமொன்றைப் போர்த்திக்கொள்ளும். மிகமிகக் கடினமானவற்றுக்கு, 1957-ல் அமெரிக்காவில் வென்ரோவ் முதன்முதல் ஆக்கிய கனசதுரப் போரன் நைதரைட்டு உண்டு. விலை கேட்டால் சிறு பட்டறைக்காரர் பின்வாங்குவார். பூசாத காபைட்டு வீணானதென்று எண்ணவேண்டா. விளிம்பைக் கூராகத் தீட்டிக்கொள்ளலாம். அலுமினியத்துக்கு அதுவே ஏற்றது. மெதுவாக ஓடும் பழைய லேத்தில் பூச்சின் நன்மை அவ்வளவாகத் தெரிவதுமில்லை.

பூசிய காபைட்டு முனையொன்றைப் பொருத்தி, வெட்டின் ஆழத்தைக் குறைத்து, அந்த அச்சை அவர் முடித்துக் கொடுத்தார். பொன்னிறக் கருவியையும் அவர் எறிந்துவிடவில்லை. பக்கவாட்டிற் சாணை பிடித்தார். அங்குப் பொன் போய் வெறும் உருக்கு தெரிகின்றது, மேற்புறத்தில் மட்டும் பூச்சு எஞ்சியுள்ளது. மெல்லிரும்பு கடைய அதனை வைத்திருக்கின்றார். அவ்வேலைக்கு அது நன்றாகவே உழைக்கின்றதாம்.