நாற்காலியை விட்டு எழத் தெரிந்தவர்



ஜூலை 15 பெருந்தலைவர் காமராசரின் பிறந்த நாள். தமிழ்நாட்டுப் பள்ளிகள் அதனைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன. இவ்வாரச் சிந்தனைக்கு அவருடைய வாழ்வை எடுத்துக்கொள்வோம். எந்தக் கட்சிக்கும் ஆதரவு திரட்டுவது நம் நோக்கமன்று. சபைக் கமிட்டியிலோ, வாலிபர் சங்கத்திலோ, தொழிற்சங்கத்திலோ, நகராட்சி வார்டிலோ தலைமைப் பொறுப்பேற்க விரும்புகிறவர்கள் நம்மிடையே அநேகர் இருக்கிறீர்கள். அந்த விருப்பம் தவறானதன்று. ஆனால் பொறுப்பை விரும்புகிறோமா, நாற்காலியை விரும்புகிறோமா என்பதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. அச்சோதனைக்கு உதவும் வரலாறு நம் ஊரைச் சுற்றியே இருக்கிறது.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் வருகிறவர் காண்பவற்றை எண்ணிப் பாருங்கள். திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை நிற்கிறது. அது செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதைத் தாண்டி வந்தால் இன்று என்.ஐ.டி. என்று நாம் அழைக்கும் கல்லூரி. அது மண்டலப் பொறியியல் கல்லூரியாக 1964-இல் தொடங்கப்பட்டது. இவற்றை ஒட்டி வளர்ந்தவையே துவாக்குடியின் தொழிற்பேட்டையும் எண்ணற்ற பட்டறைகளும். நம் சபைக் குடும்பங்களில் எத்தனை பேருடைய அடுப்பு இவற்றால் எரிகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இவையெல்லாம் ஒரே மனிதரின் சாதனை என்று சொல்வது சரியாகாது. மத்திய அரசின் திட்டமும், அந்நாளில் மாநிலத் தொழில்துறையைக் கவனித்த ஆர். வெங்கட்ராமனின் உழைப்பும், பெயர் பதிவாகாத ஆயிரமாயிரம் தொழிலாளரின் வியர்வையும் இவற்றில் கலந்திருக்கின்றன. ஆயினும், இத்தகைய தொழில்களும் கல்விச்சாலைகளும் தமிழ்நாட்டுக்கு வந்து சேர ஆயத்தம் நடந்த ஆண்டுகளில் முதலமைச்சராக இருந்தவர் காமராசர். இந்த ஆண்டுக் கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். கல்லூரி தொடங்கியது 1964-இல். ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1965-இல். காமராசரோ 1963 அக்டோபர் 2 அன்றே முதலமைச்சர் பதவியை விட்டு விலகிவிட்டார். விதைப்புக் காலத்தில் வயலில் நின்றவர், அறுவடைக் காலத்தில் நாற்காலியில் இல்லை.

அவரை யாரும் துரத்தவில்லை. தேர்தலில் தோற்றதாலும் அவர் விலகவில்லை. 1962-இல் அவர் தலைமையில் காங்கிரஸ் மூன்றாவது முறையாக ஆட்சி அமைத்திருந்தது. மூத்த தலைவர்கள் பதவியை விட்டிறங்கிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று அவரே முன்மொழிந்தார். கே பிளான் என்று அதைச் சொன்னார்கள். அதன்படி மத்திய அமைச்சர்கள் 6 பேரும் முதலமைச்சர்கள் 6 பேரும் பதவி விலகினர். அந்த 12 பேரில் காமராசரும் ஒருவர். பிறருக்கு விதித்த நியமத்துக்குத் தம்மை விலக்காக வைத்துக்கொள்ளாதது தலைவராக விரும்புகிறவர் கற்க வேண்டிய முதற்பாடம். இத்திட்டம் தில்லியில் சிலரை ஒதுக்கிவைக்கவும் பயன்பட்டது என்று விமரிசித்தவர்கள் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முன்மொழிந்தவரே தம் நாற்காலியையும் கொடுத்தார் என்பதை எந்த விமரிசனமும் அழித்துவிட முடியாது.

இப்படி எழுந்து நடக்கும் மனம் ஒரே நாளில் உருவாவதில்லை. விருதுநகரில் 1903-இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே தகப்பனை இழந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடைக்குச் சென்றார். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் தொண்டர் படை ஒன்று, உப்புச் சட்டத்தை மீற, நம் திருச்சியிலிருந்து வேதாரண்யத்தை நோக்கி நடைபயணமாகப் புறப்பட்டதை அறிவீர்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவு. அந்த வேதாரண்யப் போராட்டத்தில் பங்குகொண்டு இளைஞர் காமராசர் சிறை சென்றார். பின்னும் பலமுறை சிறைப்பட்டார். 1941-இல் சிறைக்குள் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்தபின் அப்பதவியைத் துறந்துவிட்டார். முழு உழைப்பையும் கொடுக்க இயலாத பொறுப்பைக் கையில் வைத்திருப்பது முறையன்று என்பது அவர் கருத்து.

பிரியமானவர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். நம்மில் சிலர் மூன்று சங்கங்களில் செயலாளராகவும், இரண்டு குழுக்களில் பொருளாளராகவும் பெயர் கொடுத்திருக்கிறோம். கூட்டத்துக்கு வர நேரமில்லை. ஆனால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் மனம் நோகிறது. செய்ய இயலாததை இயலாது என்று சொல்லி, செய்யக்கூடியவருக்கு வழிவிடுவதும் ஒரு தலைமைப் பண்பே.

1930-இல் அந்த நடைபயணம் புறப்பட்ட அதே ஏப்ரல் 13-ஆம் தேதியில், 24 ஆண்டுகள் கழித்து, 1954-இல் அவர் சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவருக்குத் துணைநின்றவர் எம். பக்தவத்சலம். வெற்றி பெற்ற காமராசர் அந்த இருவரையுமே தம் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். சுப்பிரமணியத்திடம் நிதியையும் கல்வியையும் ஒப்படைத்தார். தம்மை எதிர்த்தவரின் கையிலேயே பணப்பெட்டியின் சாவியையும் பள்ளிகளின் எதிர்காலத்தையும் கொடுத்தார். திறமை எந்த அணியில் இருந்தது என்று அவர் பார்க்கவில்லை; திறமை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். ஒன்பதரை ஆண்டுகளுக்குப்பின் அவர் எழுந்த நாற்காலியில் அமர்ந்தவர், அன்று எதிரணியில் நின்ற அதே பக்தவத்சலம்.

சபைத் தேர்தல் முடிந்த மறுவாரம் ஆராதனைக்குப்பின் ஒருவருக்கொருவர் முகங்கொடுத்துப் பேசாமல் போகிற குடும்பங்களைப் பல ஊர்களில் நாம் கண்டிருக்கிறோம். தோற்றவரின் அனுபவமும் கணக்கறிவும் அதன்பின் சபைக்குப் பயன்படாமலே போகின்றன. வென்றவர் முதலில் தட்ட வேண்டிய கதவு தோற்றவருடைய வீட்டுக் கதவுதான் என்பதை இந்த வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

அவருடைய ஆட்சியின் கல்விப் பணியை நீங்கள் அறிவீர்கள். குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்ட 1953-ஆம் ஆண்டுத் திட்டம் கைவிடப்பட்டது. புதிய பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956 முதல் மதிய உணவுத் திட்டம் வளர்ந்தது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு போன்ற அதிகாரிகள் முன்நின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினர். ஊர் மக்களே கட்டடத்துக்கும் தளவாடங்களுக்கும் பொருள் கொடுத்தனர். நம் திருச்சி மாவட்டத்தில் புள்ளம்பாடி வாய்க்காலும் புதிய கட்டளை மேட்டு வாய்க்காலும் அக்காலத்துத் திட்டங்களே.

இவற்றுள் பள்ளிக்கூடத்தை மட்டும் எடுத்து ஒரு சிறு கணக்குப் போடுவோம். காமராசர் பதவியேற்ற 1954-இல் ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்நாளைய முறைப்படி 11 ஆண்டுகள் பள்ளிப் படிப்பு. பின்பு ஓராண்டு புகுமுக வகுப்பு. அந்தப் பிள்ளை துவாக்குடிக் கல்லூரியின் வாசலில் பொறியியல் மாணவனாக வந்து நிற்கும்போது 1966 ஆகிவிடும். அதற்குள் காமராசர் பதவி விலகி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். கல்வியில் முதலீடு செய்கிற எந்தத் தலைவனும் தன் பதவிக்காலத்துக்குள் முழுப் பலனையும் காண முடியாது. பலனைத் தன் பெயரில் காட்ட விரும்புகிறவன் வளைவும் மேடையும் கட்டுவான். பிள்ளைகளின் வருங்காலத்தை விரும்புகிறவன் பள்ளிக்கூடம் கட்டுவான்.

வேதத்தில் தாவீது ராஜாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலயம் கட்ட அவர் மிகவும் ஆசைப்பட்டார்; அந்தப் பாக்கியம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அதற்காக அவர் முகம் வாடி ஒதுங்கிவிடவில்லை. பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் இரும்பும் மரமும் கல்லும் சேர்த்து வைத்தார். மாதிரியை மகன் சாலொமோனின் கையில் கொடுத்தார். அவனுக்குத் துணைநிற்கும்படி பிரபுக்களிடம் சொன்னார். ஆலயம் சாலொமோனின் பெயரால் வழங்கியது. ஆயத்தமோ தாவீதுடையது. தேவனுடைய கணக்கில் ஆயத்தம் செய்தவன் மறக்கப்படுவதில்லை.

பதவியை விட்டபின் காமராசர் அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். 1964 மே மாதம் நேரு மறைந்தபோதும், 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தபோதும், அடுத்த பிரதமரைத் தெரிவுசெய்வதில் அவருக்குப் பெரும் பங்கிருந்தது. இருமுறையும் அந்தப் பதவிக்கு அவர் தம்மை நிறுத்திக்கொள்ளவில்லை.

அவரையும் குறைவற்றவராகக் காட்டுவது நமக்குத் தகாது. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரிசிப் பஞ்சம் மக்களை வாட்டியது. அந்தக் கொதிப்பின் ஆழத்தை அவருடைய கட்சி உரிய காலத்தில் உணரவில்லை. 1967 தேர்தலில் சொந்த ஊராகிய விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் காமராசர் தோற்றார். எத்தனை நன்மை செய்திருந்தாலும், மக்களின் இன்றைய வேதனைக்குச் செவிகொடுக்கத் தவறினால் நேற்றைய நற்பெயர் காப்பாற்றாது. இதுவும் தலைவராக விரும்புகிறவருக்குரிய பாடமே.

1975 அக்டோபர் 2 அன்று, பதவியைத் துறந்த அதே தேதியில், சென்னையில் அவர் மறைந்தார். ஒன்பதரை ஆண்டுகள் மாநிலத்தை ஆண்டவர் வாழ்ந்தது திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீட்டில். குடும்பத்துக்கென்று அவர் சொத்துச் சேர்த்துவைக்கவில்லை. தாயார் சிவகாமி அம்மாள் விருதுநகரின் பழைய வீட்டிலேயே வாழ்ந்து முடித்திருந்தார். முதிர்வயதில் சாமுவேல் இஸ்ரவேல் ஜனங்களுக்கு முன்பாக நின்று, தாம் எவருடைய எருதையாவது கழுதையையாவது எடுத்துக்கொண்டதுண்டோ என்று கேட்டதும், ஒருவராலும் குற்றம் சொல்ல முடியாமற்போனதும் நினைவுக்கு வருகின்றன. பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் அப்படிக் கேட்கத் துணிவுள்ளவனே நல்ல தலைவன்.

ஆகவே, தலைமையை விரும்பும் அன்பரே, இந்த வாரம் உங்களை நீங்களே தனிமையில் கேட்டுப் பாருங்கள். நான் வகிக்கும் பொறுப்புக்கு என் முழு உழைப்பையும் கொடுக்கிறேனா? என்னை எதிர்த்தவருடைய திறமையைப் பயன்படுத்த எனக்கு மனமுண்டா? நான் இல்லாத நாளில் பலன்தரும் வேலை ஒன்றையாவது இன்று தொடங்கியிருக்கிறேனா? என் இடத்துக்கு வரப்போகிற இளையவர் யார், அவரை நான் ஆயத்தப்படுத்துகிறேனா? என் கணக்குப் புத்தகத்தைச் சபைக்கு முன்பாக இன்றே திறந்துவைக்க முடியுமா?

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு உங்கள் பதில் இல்லை என்றாலும், அங்கிருந்தே தொடங்குங்கள். அமரத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். எழத் தெரிந்தவர்களே இன்று தேவைப்படுகிறார்கள். அப்படிப்பட்டவர்களை நம் துவாக்குடியிலிருந்தும், நம் வீடுகளிலிருந்தும் ஆண்டவர் எழுப்பித் தருவாராக. ஆமென்.