தொலைக்காட்சிப் பெட்டி: பழுதின் வரலாறும் உத்தரவாத வியாபாரமும்

கொழும்பிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்லும் எவரும் ஒரு கட்டத்தைத் தவிர்க்க முடியாது. பெட்டியைத் தெரிவு செய்து, விலையையும் பேசி முடித்து, பணத்தை எடுக்கும் வேளையில் விற்பனையாளர் இன்னொரு தாளை நீட்டுவார். மேலதிகமாக இவ்வளவு கட்டினால் இன்னும் மூன்று வருடங்களுக்கு எந்தக் கவலையும் இல்லை என்பார். இந்த மேலதிக உத்தரவாதத்தை வாங்கலாமா, வேண்டாமா என்று உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டி எப்படிப் பழுதாகிக்கொண்டிருந்தது, அந்தப் பழுதின் சுமையை யார் சுமந்தார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கிறது.

ஜோன் லோகி பெயர்ட் 1926 ஜனவரி 26ஆம் திகதி லண்டன் சோஹோ பகுதியில் தமது கருவியை இயக்கிக் காட்டினார். பிபிசி தனது முறையான தொலைக்காட்சிச் சேவையை 1936 நவம்பர் 2ஆம் திகதி அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போருக்காக 1939 செப்டெம்பரில் நிறுத்தப்பட்ட அச்சேவை 1946 ஜூனில் மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் 630-டிஎஸ் என்ற பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. திரை பத்து அங்குலம், விலை 375 டொலர். சாதாரண தொழிலாளிக்கு அது பெரும் தொகை.

அந்தப் பெட்டிக்குள் சுமார் 30 வால்வுகள் இருந்தன. வால்வு என்பது மின்குமிழைப் போன்றது. உள்ளே இழை சூடேறினால்தான் அது வேலை செய்யும். சூடேறிக் குளிர்ந்து, மீண்டும் சூடேறி இழை நாளடைவில் தேய்ந்துபோகும். முப்பதில் ஒன்று போனாலே படம் ஆடும், அல்லது ஒலி நின்றுவிடும். வால்வுகள் வெளியிடும் வெப்பம் அருகிலுள்ள மற்ற உறுப்புகளையும் வாட்டியது. அமெரிக்காவில் மருந்துக் கடைகளில்கூட வால்வு சோதிக்கும் கருவிகள் வைக்கப்பட்டிருந்தன. மக்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து வால்வுகளைக் கழற்றி எடுத்துவந்து, அங்கே சோதித்து, போனதற்குப் பதிலாகப் புதியதை வாங்கிச் சென்றார்கள். அக்காலத்தில் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டியவரை ஏமாந்தவர் என்று எவரும் சொல்ல முடியாது. பழுது அன்று உறுதியான ஒன்று. அது எப்போது வரும் என்பது மட்டுமே தெரியாமலிருந்தது.

பிரித்தானிய மக்கள் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். அவர்கள் பெட்டியை வாங்காமல் வாடகைக்கு எடுத்தார்கள். 1930இல் பிரைட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளை வாடகைக்கு விடத் தொடங்கிய ரேடியோ ரென்டல்ஸ் நிறுவனம் பின்னர் தொலைக்காட்சி வாடகையில் நாடறிந்த பெயராயிற்று. 1967இல் பிபிசியின் இரண்டாவது அலைவரிசை வண்ண ஒளிபரப்பை ஆரம்பித்தபோது வண்ணப் பெட்டிகள் விலை கூடியவையாகவும், அடிக்கடி பழுதாகுபவையாகவும் இருந்தன. எனவே 1970களில் பிரித்தானிய வீடுகளில் இருந்த வண்ணப் பெட்டிகளில் பெரும்பகுதி வாடகைப் பெட்டிகளாகவே இருந்தன. மாதக் கட்டணத்துக்குள் திருத்த வேலையும் அடங்கியிருந்தது. பெட்டி நின்றுவிட்டால் தொலைபேசியில் சொன்னால் போதும், நிறுவனத்தின் திருத்துநர் வந்துவிடுவார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்ததைக் கவனிக்க வேண்டும். பெட்டி பழுதானால் நட்டம் வாடகை நிறுவனத்துக்கே. ஆகவே பழுதாகாத பெட்டியைத் தேடி வாங்கும் அக்கறையும் அந்த நிறுவனத்துக்கே இருந்தது. சுமையும் அக்கறையும் ஒரே கையில் இருந்தன.

வாடகை முறை யாழ்ப்பாணத்தவர்களுக்கும் புதியதல்ல. 1980களில் எங்கள் ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் ஒன்றாக வாடகைக்கு எடுத்து, கோயில் வீதியிலோ வீட்டு முற்றத்திலோ வைத்து விடிய விடியப் படம் பார்த்தவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். பெட்டியோடு கடைக்காரரின் பையன் ஒருவனும் வருவான். இடையில் படம் நின்றால் டெக்கின் தலையைத் துடைப்பதும், வயரைச் சரிசெய்வதும் அவன் பொறுப்பு. சபை சும்மா விடாது. பிரைட்டனில் பிறந்த தத்துவமும் எங்கள் ஊர் முற்றத்தில் நடந்த வியாபாரமும் ஒன்றுதான். பொருளுக்குச் சொந்தக்காரனே பழுதுக்கும் பொறுப்பாளி.

இனி நிலைமை எப்படி மாறியது என்று பார்ப்போம். டிரான்சிஸ்டர் வந்தது முதல் மாற்றம். முழுவதும் டிரான்சிஸ்டரால் இயங்கும் சிறிய பெட்டியொன்றை சோனி 1960இல் வெளியிட்டது. எனினும் உறுப்பு மாறியதனால் மட்டும் பழுது குறைந்துவிடவில்லை. தொழிற்சாலையின் பழக்கமும் மாற வேண்டியிருந்தது. இதற்குச் சிறந்த சான்று குவாசர் பெட்டியின் கதை.

மோட்டரோலா நிறுவனம் 1967இல் குவாசர் என்ற வண்ணப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. மேசை இழுப்பறையை இழுப்பதுபோல அதன் உட்பாகத்தை முன்புறமாக வெளியே இழுக்கலாம். பழுதான சுற்றுப் பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். திருத்துவது சுலபம் என்பதே விளம்பரத்தின் சாரம். அதாவது பழுது வந்தே தீரும் என்று உற்பத்தியாளரே ஒப்புக்கொண்டு, திருத்தும் வழியை அழகுபடுத்தி விற்றார். 1974இல் மோட்டரோலா இந்தப் பிரிவை ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்துக்கு விற்றது. பனசோனிக் என்று இன்று நாம் அறியும் நிறுவனம் அதுதான். கைமாறுவதற்கு முன்னர் இலினோய் மாநிலத்துத் தொழிற்சாலையில் 100 பெட்டிகளுக்கு 150 முதல் 180 வரை குறைபாடுகள் காணப்பட்டன என்றும், கைமாறிச் சில வருடங்களில் அது 3 அல்லது 4 ஆகக் குறைந்தது என்றும் தர நிபுணர் ஜோசப் ஜூரான் பதிவு செய்திருக்கிறார். அமெரிக்க மண்ணில், அமெரிக்கத் தொழிலாளர்களைக் கொண்டே இது நிகழ்ந்தது. செய்து முடித்த பெட்டியில் பிழை தேடுவதை விட்டு, பிழை நேராதபடி வடிவமைத்துச் செய்யும் முறை வந்ததே காரணம். எட்வர்ட்ஸ் டெமிங் 1950இலும், ஜூரான் 1954இலும் ஜப்பானில் நிகழ்த்திய விரிவுரைகளை ஜப்பானியத் தொழிலதிபர்கள் மனங்கொண்டு கேட்டிருந்தார்கள்.

இதன் பலன் உலகெங்கும் தெரிந்தது. பழுது குறைந்தது, விலையும் இறங்கியது. பழுதே வராத பெட்டிக்கு மாதாமாதம் வாடகை கட்ட எவர் விரும்புவார்? பிரித்தானிய வாடகைத் தொழில் 1980களில் தேயத் தொடங்கியது. ரேடியோ ரென்டல்ஸும் கிரனாடாவின் வாடகைப் பிரிவும் 2000ஆம் ஆண்டில் இணைந்து பொக்ஸ்கிளவர் என்ற நிறுவனமாகின. 2003இல் அந்நிறுவனமும் நிர்வாகிகளின் கைக்குச் சென்றது.

இங்கேதான் கதை திரும்புகிறது. பெட்டி திருந்திவிட்டது, ஆனால் பெட்டியைப் பற்றிய பயம் மக்கள் மனதில் அப்படியே இருந்தது. போட்டியினால் பெட்டி விற்பதில் கிடைக்கும் இலாபம் மெலிந்துபோன சங்கிலிக் கடைகள் அந்தப் பயத்தில் ஒரு வருமானத்தைக் கண்டன. 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சேர்க்கிட் சிற்றி போன்ற பெருங்கடைகளின் இலாபத்தில் உத்தரவாத விற்பனைக்குப் பெரும் பங்கு உண்டென்று நிதித்துறை ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்தச் சேர்க்கிட் சிற்றி கடைகள் யாவும் 2009இல் மூடப்பட்டன.

பிரித்தானியாவில் இது அரசாங்க விசாரணை வரை சென்றது. 2002இல் போட்டி ஆணைக்குழுவிடம் விடயம் ஒப்படைக்கப்பட்டு, 2003 டிசம்பரில் அறிக்கை வெளியானது. பெரும்பாலானோர் பெட்டி வாங்கும் அதே இடத்தில், அதே வேளையில், வேறெங்கும் விலை விசாரிக்காமல் உத்தரவாதத்தையும் வாங்குகிறார்கள் என்பதும், போட்டியில்லாத அந்தச் சில நிமிடங்களே கடைக்காரருக்கு வாய்ப்பாகின்றன என்பதும் அதில் வெளிப்பட்டன. 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டளையின்படி உத்தரவாதத்தின் விலையைப் பொருளின் விலையோடு சேர்த்துக் காட்சிப்படுத்த வேண்டும். கடையில் சொன்ன விலையை 30 நாட்களுக்கு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். வாங்கியவர் 45 நாட்களுக்குள் மனம் மாறினால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற பாவனையாளர் சஞ்சிகை பல காலமாக இந்த உத்தரவாதங்களை வாங்க வேண்டாம் என்று சொல்லிவருகிறது. 2000களின் பிற்பகுதியில் அது தன் வாசகர்களிடம் நடத்திய ஆய்வில், தட்டைத் திரைப் பெட்டிகளில் நூற்றுக்குச் சுமார் மூன்றே முதல் மூன்று வருடங்களில் திருத்தத்துக்குப் போயின.

இன்றைய பெட்டிகள் பழுதாவதேயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2000களின் முதற் பத்தாண்டில் தரங்குறைந்த மின்தேக்கிகளால் பல கணினிகளும் திரைகளும் அற்பாயுளில் போயின. இன்றைய பெட்டிகளில் திரைக்குப் பின்னால் ஒளிதரும் எல்ஈடி வரிசைகளும் மின்வழங்கிப் பலகையும் பழுதாவதுண்டு. இவற்றை நல்ல திருத்துநர் சரிசெய்துவிடுவார். திரையே போய்விட்டால் புதிய பெட்டியின் விலையை அண்மித்த செலவு வரும். பொறியியலாளர்கள் பழுதின் போக்கைக் குளியல் தொட்டி வடிவிலான வளைகோடாக வரைவார்கள். உற்பத்திக் குறையுள்ள பெட்டி முதல் சில மாதங்களிலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும். பின்னர் நீண்ட அமைதி. இறுதியில் உறுப்புகள் முதுமையடையும்போது மீண்டும் பழுதுகள் எழும். முதற் கட்டத்தை உற்பத்தியாளரின் இலவச உத்தரவாதம் பார்த்துக்கொள்கிறது. கடைசிக் கட்டம் பெரும்பாலும் மேலதிக உத்தரவாதம் முடிந்த பின்னரே வருகிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது நடுவிலுள்ள அமைதியைத்தான்.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் தலைக்குப் பத்தாயிரம் ரூபா கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பத்து இலட்சம். தாராளமாகவே பத்துப் பெட்டிகள் பழுதாகின்றன, ஒவ்வொன்றுக்கும் 35,000 ரூபா செலவாகிறது என்று எடுத்தால் மூன்றரை இலட்சம். மீதி ஆறரை இலட்சம் கடைக்காரரின் தரகாகவும், நிர்வாகச் செலவாகவும், இலாபமாகவும் போகிறது. இலக்கங்களை அவரவர் கடைக்கேற்ப மாற்றிப் பார்க்கலாம்.

இலங்கையின் நிலைமையில் இன்னொரு விடயமும் உண்டு. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்திலிருந்து இங்கு பெட்டிகளைக் கொன்றவற்றில் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் இடிமின்னலும் முக்கியமானவை. பெட்டியோடு ஸ்டெபிலைசரும் வாங்கும் வழக்கம் அதனாலேயே வந்தது. பண்டிகைக் கால விளம்பரங்களைப் பல வருடங்கள் பத்திரிகைப் பக்கங்களில் ஏற்றியவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்வேன். உத்தரவாதம் என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும், நிபந்தனைகள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துக்குள் மின்னலையும் மின்னழுத்தத்தையும் விலக்கிவைக்கும் பத்திரங்கள் பல. நம்மூரில் எது நிகழக்கூடியதோ அதற்குக் காப்பில்லை. திரும்பத் தரும் தொகைக்கு வாங்கிய விலையை எல்லையாக வைக்கும் பத்திரங்களும் உண்டு. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, பழைய விலைக்கு அதே பெட்டியை எவராலும் வாங்க முடியவில்லை என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

சட்டம் ஏற்கெனவே தந்திருப்பதையும் பலர் அறிவதில்லை. இலங்கையில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழ்வோருக்கு விற்பனையாளரின் பொறுப்பு குறைந்தது இரண்டு வருடங்கள். நோர்வேயில் நீண்டகாலம் உழைக்க வேண்டிய பொருட்களுக்கு ஐந்து வருடங்கள் வரை முறையிடலாம். பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் பாவனையாளர் உரிமைச் சட்டமும், அவுஸ்திரேலியாவில் 2011இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் விற்பனையாளரை எளிதில் கைகழுவ விடுவதில்லை. இந்நாடுகளில் மேலதிக உத்தரவாதம் வாங்குகிறவர், சட்டம் இலவசமாகத் தந்ததில் ஒரு பகுதிக்கு இரண்டாவது முறையாகப் பணம் கட்டுகிறார்.

அப்படியானால் எவருக்குமே இது பயன்படாதா? காப்புறுதி என்பது நம்மால் தாங்கமுடியாத இழப்புக்கானது. வீடு எரிவதையும் பெருநோயையும் தாங்க முடியாது, அவற்றுக்குக் காப்புறுதி அவசியம். தொலைக்காட்சிப் பெட்டி பழுதாவது பெரும்பாலான குடும்பங்களுக்கு எரிச்சலூட்டும் செலவு மட்டுமே. விலை மிகக் கூடிய பெரிய திரையை வாங்கி, அதன் பழுதைத் தாங்கும் வசதியில்லாதவர், நிபந்தனைகள் தமக்குப் பொருந்துகின்றனவா என்று வாசித்துப் பார்த்து வாங்கினால் அதில் தவறில்லை. துயரம் என்னவென்றால், தவணை முறையில் பெட்டி வாங்கும் ஏழைக் குடும்பங்களே இந்தப் பயத்துக்கு எளிதில் ஆளாகின்றன. உத்தரவாதத்தின் விலையும் தவணைக்குள் சேர, அதற்கும் வட்டி கட்டுகிறார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு நல்ல மின்பாதுகாப்புக் கருவி ஒன்றை வாங்குங்கள். இடி முழங்கும்போது மின்செருகியையும் அன்டெனா வயரையும் கழற்றி வையுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முதல் சில மாதங்களில் பெட்டியை நன்றாக ஓடவிட்டு, குறையிருந்தால் உடனே கடைக்குக் கொண்டுபோங்கள். மீதிப் பணத்தைச் சேமிப்பில் போட்டு வையுங்கள். பெட்டி பழுதானால் ஊரிலுள்ள திருத்துநருக்கு அது உதவும். பழுதாகாவிட்டால் அடுத்த பெட்டிக்கு முற்பணமாகும்.