‘பாப்பர்’ பட்டம் பெற்ற பிறகே நீதியா?

மதுரை மன்றத்திலே கண்ணகி வழக்குரைத்தாள். வக்கீல் இல்லை, வக்காலத்து இல்லை, முத்திரைத்தாள் இல்லை. கையிலே ஒற்றைச் சிலம்பு, நெஞ்சிலே நெருப்பு, நாவிலே தமிழ்! வாயிற்காவலன் சென்று சொன்னான், மன்னன் வரச் சொன்னான், சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. காவியம்தானே என்பீர்கள். காவியந்தான்! ஆயினும், நீதி கேட்க வந்தவள் தன் வாயாலே, மன்னனுக்கும் தனக்கும் பொதுவான மொழியிலே கேட்கலாம் என்ற எண்ணமாவது அந்தக் காவியம் பிறந்த நாட்டிலே இருந்தது.

அதே கண்ணகி, வெள்ளையர் 1908ஆம் ஆண்டிலே இயற்றித் தந்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் காலத்திலே, சிலம்பின் விலை கோரி முன்சீப் கோர்ட்டின் படியேறியிருந்தால்? “சிலம்பின் மதிப்பென்ன? மதிப்புக்கேற்ற ஸ்டாம்பு எங்கே? பிராது எங்கே? சம்மன் அனுப்பப் பேட்டா கட்டினாயா?” என்று கேட்டிருப்பர். “பணமில்லை” என்று அவள் சொன்னால், “அப்படியானால் பாப்பர் மனுப் போடு, நீ ஒன்றுமில்லாதவள் என்று நிரூபி” என்றிருப்பர். எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? “கனம் நீதிபதி அவர்களே! இவள் கையிலே இன்னொரு சிலம்பு இருக்கிறது. அதை விற்றுக் கட்டணம் செலுத்தட்டுமே!” என்றிருப்பார்.

வேடிக்கைக்காக இதைக் கூறவில்லை. அந்தச் சட்டத்தின் 33ஆம் ஆணையைப் புரட்டுங்கள். கட்டணம் கட்ட வழியற்றவன் ‘பாப்பர்’, அதாவது ஓட்டாண்டி. அவன் தன் உடைமைகள் அத்தனைக்கும், அசையும் பொருள் அசையாப் பொருள் அனைத்துக்கும், மதிப்புப் போட்டுப் பட்டியல் தரவேண்டும். மனுவை நேரிலே வந்து கொடுக்கவேண்டும். மனுவுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பாப்பராவதற்கென்றே எதையாவது கைமாற்றியிருந்தால் மனு தள்ளுபடி. அவன் ஏழை அல்ல என்று எதிர்த்துப் பேச எதிராளிக்கு மட்டுமல்ல, சர்க்கார் வக்கீலுக்கும் நோட்டீஸ் போகும்! நிலத்தைப் பறிகொடுத்தவன், நிலத்தைப் பற்றி ஒரு சொல் பேசுமுன்னர், தன் வறுமையைப் பற்றி ஒரு தனி வழக்கு நடத்தி வெல்லவேண்டும். வென்று உள்ளே போனாலும், முடிவில் வழக்குத் தோற்றால், அன்று விட்டுக்கொடுத்த கட்டணத்தைச் சர்க்கார் அவனிடமே வசூலிக்கும். தள்ளுபடி அல்ல தோழர்களே, தவணை!

தன்மானம் பேசும் நாம் இதைக் கவனிக்கவேண்டும். கோயில் வாசலிலே கையேந்துபவனைக்கூட, “உன் மூட்டையை அவிழ்த்துக் காட்டு” என்று எவரும் கேட்பதில்லை. உரிமை கேட்டு வந்தவனைக் கேட்டது சட்டம்.

இந்தக் கட்டணம் எங்கிருந்து முளைத்தது? வங்காளத்திலே காரன்வாலிஸ் 1793ஆம் ஆண்டிலே கோர்ட்டுக் கட்டணத்தை எடுத்தெறிந்தார். இரண்டே ஆண்டு கழித்து, 1795இல், கும்பினியார் அதை மீண்டும் விதித்தனர். கூறிய காரணம், வீண் வழக்குகள் பெருகிவிட்டன என்பது! அந்தக் காரணத்தை 1835இல் மெக்காலே பிரபு எள்ளி நகையாடினார். நாம் அவரைப் பாராட்டும் இடங்கள் சிலவே. இது அவற்றில் ஒன்று. கட்டணம் பொய் வழக்குக்காரனைத் தடுக்காது. பணமில்லாதவனைத்தான் தடுக்கும், அவன் வழக்கு மெய்யானதாக இருந்தாலும். எளிய கணக்கு! ஆயினும் கட்டணம் போகவில்லை. 1870இல் அதற்கென ஒரு தனிச் சட்டம். விடுதலைக்குப் பின் 1955இல் சென்னை மாநிலத்துக்கென இன்னொன்று. பண வழக்குகளுக்கு நம் மாநிலத்திலே நெடுங்காலம் நூற்றுக்கு ஏழரை வீதம் வாங்கினர். ஏழரை நாட்டுச் சனி என்று சோதிடன் மிரட்டுவான். அது வெறும் புளுகு. கோர்ட்டின் ஏழரையோ ரொக்கம்! ஒரு லட்ச ரூபாய்க் கடனை வசூலிக்க 7,500 ரூபாயை முன்னாலே வைக்கவேண்டும். 2017இல்தான் அது நூற்றுக்கு மூன்றாயிற்று.

கட்டணம் ஒரு பூட்டு என்றால், வக்கீல் இன்னொரு பூட்டு. இங்கேதான் வரலாறு ஓர் உண்மையைக் காட்டுகிறது. இங்கிலாந்திலே ஏழாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1495இல், ஏழை வழக்காடிக்குக் கட்டணமும் வேண்டாம், வக்கீலையும் மன்றமே அமர்த்தித் தரட்டும் என்று சட்டம் வந்தது. அந்த நாட்டார் நான்கு நூற்றாண்டு கழித்து நமக்கென எழுதிய 1908 சட்டத்தின் மூலவாசகத்திலே கட்டண விலக்கு உண்டு. வக்கீலை அமர்த்தித் தரும் விதி இல்லை! வாசற்கதவைத் திறந்துவிட்டு விளக்கை அணைத்தது போலாயிற்று.

வக்கீலே வேண்டாத மன்றம் ஊரிலேயே இருக்கட்டும் என்ற முயற்சியும் நடந்ததுண்டு. தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816இல் சென்னை மாகாணத்திலே கிராம முன்சீப்புகள் ஏற்பட்டனர். பத்து ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளை ஊர்த்தலைவரே விசாரித்துத் தீர்ப்பார். நகரத்துக்கு நடையில்லை, ஆங்கிலமில்லை. கேட்க இனிக்கிறது! ஆனால் ஊர்த்தலைவர் யார்? தகப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரையாக வந்த பதவி அது. கூலி பாக்கி கேட்கும் சேரித் தோழன், மிராசுதாரரின் உறவினர் திண்ணைக்கு முன்னால் எந்த நம்பிக்கையோடு நின்றிருப்பான்? கடன் வாங்கியவனின் வருணத்தைப் பார்த்து வட்டி விகிதம் வகுத்தது மனுநூல். பார்ப்பனனுக்குக் குறைந்த வட்டி, சூத்திரனுக்கு மிகுந்த வட்டி. அந்த மனம் படிந்த ஊரிலே நீதிமன்றம் அருகில் இருப்பது மட்டும் போதுமா? அந்தப் பரம்பரை உரிமை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1960ஆம் ஆண்டின் இறுதியிலே. அதுவும் ஆந்திரத்து முன்சீப் பதவி ஒன்றைப் பற்றிய வழக்கிலே. தமிழ்நாட்டிலே 1980இல் அந்தப் பதவிகளே ஒழிந்தன.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஏழை, வாதியாக வருவதைவிடப் பிரதிவாதியாக இழுக்கப்படுவதே மிகுதி. புரோநோட்டிலே கைநாட்டு வைத்தவன் வீட்டுக்குச் சம்மன் வருகிறது. முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தரவேண்டும். மன்றம் மனம் வைத்தால் தொண்ணூறு நாள் வரை நீளும். அவனுக்கு அது தெரியாது. “கடனில் பாதியைக் கட்டிவிட்டேனே” என்பது அவன் மனத்திலே இருக்கிறது, காகிதத்திலே இல்லை. வாய்தா அன்று அவன் அறுவடைக்குப் போய்விட்டான். ஒருதலைப்பட்சமாக டிக்ரி! அதை நீக்கக் கோர மீண்டும் முப்பது நாள். அமீனா வந்து கதவைத் தட்டும்போதுதான் வழக்கு முடிந்துவிட்டது என்று அறிகிறான். இவனுக்குக் கட்டண விலக்கால் என்ன பயன்? இவனுக்கு வேண்டியது, முதல் நாளே பக்கத்தில் நின்று காகிதத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள்.

கோர்ட்டுக் கட்டணம் சர்க்காருக்கு வருமானம் தேடும் வழியாக இருக்கலாகாது என்று 1958இலேயே சட்டக் கமிஷன் கூறியது. ஏழைக்குச் சட்ட உதவி தருவது சர்க்காரின் கடமை என்றும் கூறியது. காரியம் நடக்கப் பதினெட்டு ஆண்டு! 1976இல்தான் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவு ஏறியது. அதே ஆண்டு ‘பாப்பர்’ என்ற சொல் நடைமுறைச் சட்டத்திலிருந்து இறங்கி ‘வறியவர்’ ஆனது. வக்கீல் இல்லாத வறியவருக்கு மன்றமே வக்கீலை அமர்த்தலாம் என்ற விதியும் வந்தது. சொல் மாறியதும் மனம் மாறிற்றா? அரியானாவிலே அரசுப் பேருந்தால் கணவனை இழந்த பெண் நட்டஈடு கேட்டார். வறியவருக்குரிய விலக்கு விபத்துத் தீர்ப்பாயத்திலே செல்லாது என்று உச்சநீதிமன்றம் வரை சென்று வாதாடியது யார்? அந்த மாநில அரசு! 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வாதத்தைத் தூக்கியெறிந்தார்.

1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தை நாம் வரவேற்பது, அது பணம் தருகிறது என்பதற்காக மட்டும் அல்ல. மகளிர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர், உடல் ஊனமுற்றோர் ஆகியோரிடம் “உன் சொத்துப் பட்டியல் எங்கே?” என்று அது கேட்பதில்லை. வருமானத்தைக் காட்டிக் கேட்பவரிடமும், ஐயுறக் காரணம் இல்லாதவரை, அவருடைய உறுதிமொழிப் பத்திரமே போதும் என்கிறது. ஏழையின் சொல்லைச் சட்டம் நம்பத் துணிந்தது என்பதே பெரிய மாறுதல்.

அதே சட்டத்தின் கீழ் நடக்கும் லோக் அதாலத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அங்கே இசைவுத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. வாய்தாவுக்கு அலைந்து களைத்தவன், நூறு வரவேண்டிய இடத்திலே நாற்பதுக்குக் கையெழுத்திடுவான். அது சமாதானமா, சரணாகதியா என்று சொல்ல அவன் பக்கத்தில் ஒருவர் வேண்டாமா?

மொழிப் பூட்டோ இன்னும் முழுதும் திறக்கவில்லை. கீழ் மன்றத்திலே தமிழிலே சாட்சி சொன்னவனின் வழக்கு, அப்பீலிலே உயர்நீதிமன்றம் ஏறியதும் ஆங்கிலமாகிவிடுகிறது. அங்கும் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, டில்லி இசையவில்லை.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி. தாலுகா கோர்ட்டுகளிலே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. எழுதத் தெரியாதவர் வாயாற் சொன்னால், அங்கிருப்போர் அதை எழுதிக்கொண்டு மனுவாக ஏற்கவேண்டும் என்பது 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை. உங்கள் தெருவிலே சம்மன் வாங்கிய வீடு எது என்று கேட்டறியுங்கள். முப்பது நாள் கழிவதற்குள், அவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.