ரைட் கிளிக் கடந்து வந்த பாதை: கருவிப்பட்டைப் பட்டியலின் வளர்ச்சி

பெரம்பலூர் தனி மாவட்டமான 1995ஆம் ஆண்டில்தான் விண்டோஸ் 95 வெளிவந்தது. அரியலூர் 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. ஆக, இந்த வட்டாரத்தில் கணினி பரவத் தொடங்கியபோதே, ரைட் கிளிக் செய்தால் பட்டியல் விரியும் என்பது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் அந்தப் பட்டியல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயணம் செய்திருந்தது.

தொடக்கம் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகம். 1970களில் அங்கு உருவான ஸ்மால்டாக் நிரலாக்கச் சூழலில், மூன்று பொத்தான் மவுஸின் ஒரு பொத்தானை அழுத்தினால் சுட்டி நின்ற இடத்திலேயே பட்டியல் எழும். அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய டேன் இங்கல்ஸின் பங்கு இதில் பெரிது. ஆப்பிள் நிறுவனமோ 1984இல் மெக்கின்டாஷை ஒற்றைப் பொத்தானோடு கொண்டுவந்தது. சூழலுக்கேற்ற பட்டியல் அதற்குக் கிடைத்தது 1997இல், மேக் ஓஎஸ் 8இல்தான்.

கருவிப்பட்டைக்கு (டூல்பார்) இந்தப் பட்டியல் வந்தது எக்செல் வழியாக. 1990இல் வந்த எக்செல் 3 பட்டையைத் தந்தது. 1992இன் எக்செல் 4, பட்டையின் மேல் ரைட் கிளிக் செய்தால் எல்லாப் பட்டைகளின் பெயர்களையும் டிக் குறிகளோடு காட்டியது. வேண்டாததை மறைக்கவும் மறைந்ததை மீட்கவும் ஒரே இடம் போதும் என்றானது.

ஆனால் உள்ளே இருந்த சிக்கல் வேறு. விண்டோஸ் 95க்கு முன், ஒவ்வொரு மென்பொருளும் வலது பொத்தான் அழுத்தப்படுவதைத் தானே கவனித்துப் பட்டியலைத் திறக்க வேண்டியிருந்தது. 1995இல் 'கான்டெக்ஸ்ட் மெனு' என்ற தனிச் செய்தியை விண்டோஸ் அனுப்பத் தொடங்கியது. மவுஸின் வலது பொத்தானை அழுத்தி விட்டாலும், விசைப்பலகையில் ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேர்த்து அழுத்தினாலும் அதே செய்திதான் வரும். விசைப்பலகையிலிருந்து வந்தால், சுட்டியின் இடத்தைச் சொல்லும் எண்கள் இரண்டும் –1 என இருக்கும். அப்போது தேர்வில் உள்ள பொத்தானின் அருகே பட்டியலைத் திறப்பது நிரலாளரின் பொறுப்பு. இதைக் கவனிக்காத மென்பொருளில் பட்டியல் திரையின் மூலையில் போய் விழும்.

ஜாவாவில் எழுதுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. விண்டோஸில் பொத்தானை விடும்போதும், மேக்கிலும் லினக்ஸிலும் அழுத்தும்போதும் பட்டியலுக்கான அழைப்பு வருகிறது. இரண்டு தருணங்களிலும் சோதிக்காவிட்டால், ஒரு கணினியில் ஓடுவது மற்றொன்றில் ஓடாது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம், பெரம்பலூர், அரியலூர் மாவட்ட அரசுப் பள்ளி மாணவர்களின் கைகளுக்கும் கணினியைக் கொண்டுசேர்த்தது. விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. மவுஸ் இல்லாமல் டச்பேடில் பழகும் மாணவருக்கு, பட்டையின் வெற்றிடத்தைச் சரியாகத் தொட்டு ரைட் கிளிக் செய்வது எளிதல்ல. பார்வையற்ற மாணவருக்கோ விசைப்பலகைதான் ஒரே வழி.

இவர்களுக்குப் பட்டியலின் வடிவமும் முக்கியம். லிப்ரெஆபிஸ் அலுவலக மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் கருவிப்பட்டையில் ரைட் கிளிக் செய்தால் பொத்தான்களைத் தேர்வது, பட்டையை நிலைநிறுத்துவது, மூடுவது ஆகியவை ஒரே பட்டியலில் வருகின்றன. கை தவறி மூடிவிட்டால் பட்டையோடு அதன் பட்டியலும் மறைந்துவிடும். மேலே 'வியூ' மெனுவில் உள்ள பட்டைகளின் வரிசைக்குப் போய்த்தான் மீட்க வேண்டும். மென்பொருள் எழுதப் பயன்படும் கியூட்டி நூலகமோ எக்செல் 4இன் வழியையே பின்பற்றி, எல்லாப் பட்டைகளையும் டிக் குறிகளோடு காட்டுகிறது. மீதமிருக்கும் எந்தப் பட்டையிலிருந்தும் மறைந்ததைத் திரும்பப் பெறலாம். புதிதாகக் கற்பவருக்கு இதுவே நல்ல வடிவம்.

பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் மென்பொருள் எழுதப் பழகும் மாணவர்கள் மூன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்: பட்டியல் விசைப்பலகையிலும் திறக்கிறதா, தேர்வில் உள்ள பொத்தானின் அருகே திறக்கிறதா, மறைத்த பட்டையை முதன்மை மெனுவிலிருந்தும் மீட்க முடிகிறதா? மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே அந்த மென்பொருளைப் பயனர் கையில் கொடுங்கள்.