இஞ்சிக்கும் ‘ஜிஞ்சர்லி’க்கும் உறவு உண்டா?



1885இல் வில்லியம் கேமரன் அளந்தறிந்த மலையில், 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்று முதல் தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே சரிவில் சந்தித்து வருகின்றன. மழை பெய்தால் அச்சரிவு வழுக்கும். அங்கே பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைப்பதை ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்லி’ நடப்பது என்பர்.

இச்சொல்லைக் கேட்டதும் நம் பிள்ளைகளுக்கு ‘ஜிஞ்சர்’, அதாவது இஞ்சி, நினைவுக்கு வரும். இஞ்சி நம் சொல்லாயிற்றே; ஆகவே ‘ஜிஞ்சர்லி’யும் தமிழ் தந்த கொடையே என்று வகுப்பில் சொல்லிவிட நமக்கும் ஆசை எழும். சற்றுப் பொறுங்கள்.

‘ஜிஞ்சர்’ நம்மோடு தொடர்புடையது என்பது மொழியறிஞர் பெரும்பாலோர் கொள்கை. இஞ்சி, வேர் என்னும் இரண்டும் இணைந்த திராவிடச் சொல் பாலியில் ‘சிங்கிவேர’ ஆகி, கிரேக்கத்தில் ‘ஜிங்கிபெரிஸ்’ ஆகி, இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமானிய அறிஞர் பிளினி இஞ்சியைக் குறிப்பிடுகிறார். சரக்கோடு பெயரும் கப்பலேறியது.

‘ஜிஞ்சர்லி’யோ வேறு குடும்பம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நயமான சிற்றடி வைத்து நடப்பதையும் ஆடுவதையும் குறித்தது. ‘மென்மையான’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர். அந்நூற்றாண்டின் இறுதியில் ஷேக்ஸ்பியரும் ‘வெரோனாவின் இரு கனவான்கள்’ நாடகத்தில், தோழி தரையிலிருந்து காகிதத்தை எடுக்கும் விதத்தை இச்சொல்லால் சுட்டினார். காலப்போக்கில் நயம் குறைந்து எச்சரிக்கைப் பொருள் மிகுந்தது.

பயன்பாட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. கணக்கைக் கவனமாகச் செய்வது ‘கேர்ஃபுலி’. அங்கே ‘ஜிஞ்சர்லி’ பொருந்தாது. சுடும் பாத்திரத்தைத் தொடுவதற்கும், சுளுக்கிய காலை ஊன்றுவதற்கும் அது பொருந்தும். தனக்கோ பொருளுக்கோ ஊறு நேருமோ என்ற அச்சம் அதில் கலந்திருக்கிறது. ‘அலுங்காமல் குலுங்காமல்’ என்னும் நம் வழக்கு இதற்கு வெகு அருகில் நிற்கிறது.

ஒலி ஒத்தால் உறவு என்று கொள்வது எளிது. ஆனால் ஆதாரமில்லாத பெருமையை ஒரு முறை கற்பித்துவிட்டால், நாளை அகராதியைப் புரட்டும் பிள்ளை, ஆதாரமுள்ள இஞ்சியின் வரலாற்றையும் ஐயுறும். சொல்லின் வேரைத் தேடும்போதும் வழுக்கும் சரிவில் நடப்பது போலவே அடியெடுத்து வைப்போம்.