சுவிசேஷம்

சுவிசேஷம் (பெயர்ச்சொல்): வடமொழியில் ‘சு’ நல்ல, ‘விசேஷம்’ தனிச்சிறப்பு; தமிழ் வழக்கில் ‘விசேஷம்’ செய்தி. ‘வீட்டில் என்ன விசேஷம்?’ என்று கேட்கிறோமே, அதே விசேஷம்தான். கிரேக்க ‘எவாங்கெலியோன்’ என்பதற்குப் புரொட்டஸ்தாந்தர் வழங்கும் சொல் இது, கத்தோலிக்கருக்கு நற்செய்தி.

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இதை ஊன்றியது 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன். தோட்டத்துரைமாரின் ஆதரவு அதற்கு இருந்தது. அதிகாரத்தின் நிழல் அன்றே விழுந்துவிட்டது. பின்னர் பெந்தெகொஸ்தே சபைகள் லயத்து அறைகளுக்கே ஜெபத்தைக் கொண்டுவந்தன.

2004இல் 9 ஆசனங்களுடன் பாராளுமன்றம் புகுந்த பௌத்த பிக்குகளின் கட்சி ஜாதிக ஹெல உறுமய, கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொணர்ந்தது. பொருளுதவியும் ‘ஆசைகாட்டல்’ ஆகலாம் என்றது அது. உயர் நீதிமன்றம் சில பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரண் என்றது, சட்டம் நிறைவேறவில்லை. ஆனால் சொல்லின் மேல் சந்தேகம் படிந்துவிட்டது. புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி கோரிய 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அதைக் கூட்டியது. நல்ல செய்தி என்ற சொல்லை ஆள்பிடிப்பு என்று கேட்கவைத்தது அரசியல்தான். விரும்பிய மதத்தைத் தழுவும் சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையில் இன்றும் இருக்கிறது.