வானத்தைத் தொட்டவர்கள் – 23: புரண்டு பறந்த போயிங்

காமெட் விமானங்கள் நடுவானில் உடைந்து விழுந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1954 ஜனவரியில் எல்பா தீவுக்கு அருகே ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸுக்குத் தெற்கே இன்னொன்று. அதன் பிறகு ஜெட் என்றாலே பயணிகளுக்கு அடிவயிறு கலங்கியது. விமான நிறுவனங்களை நடத்தியவர்களுக்கும் தயக்கம்தான். புரொப்பல்லர் விமானங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, மக்கள் பயப்படுகிற ஒன்றைப் பெரிய விலை கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்?

அந்த இரண்டாவது விபத்து நடந்து ஒரு மாதம் சொச்சம் ஆகியிருந்தபோது, 1954 மே 14 அன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகே ரென்டனில் போயிங் தன் முதல் ஜெட் பயணி விமானத்தின் மாதிரியைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து வந்தது. காகிதங்களில் அதன் பெயர் 367-80. பழைய சரக்கு விமானம் ஒன்றின் மாற்று வடிவம்தான் இது என்று போட்டியாளர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக வைத்த பெயர். தொழிலாளர்கள் ‘டேஷ் 80’ என்று கூப்பிட்டார்கள். நிறுவனத் தலைவர் பில் ஆலன் வழக்கறிஞராக இருந்து வந்தவர். எதையும் நிதானமாக யோசித்துச் செய்கிறவர். அவர்தான், வாங்குகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லாத நிலையில், போயிங்கின் சொந்தப் பணம் 1.6 கோடி டாலரை இந்த ஒரே ஒரு விமானத்தில் போட்டிருந்தார். வெளியே வந்த ஒரு வாரத்திலேயே, ஓடுபாதையில் ஓட்டிப் பார்க்கும்போது அதன் இடப்பக்கச் சக்கரத் தாங்கி உடைந்து இறக்கை தரையில் சாய்ந்தது. அதைச் சரிசெய்து ஜூலை 15-ல் பறக்கவிட்டார்கள். வானில் எரிபொருள் நிரப்பும் விமானமாக அதை மாற்றித் தரும்படி அமெரிக்க விமானப்படை விரைவிலேயே ஆர்டர் கொடுத்தது. ஆனால் ஓராண்டு கழிந்தும் பயணி விமான நிறுவனங்கள் வாய் திறக்கவில்லை. இதற்கிடையில் 1955 ஜூனில் டக்ளஸ் நிறுவனம் டிசி-8 என்ற ஜெட்டைச் செய்யப்போவதாக அறிவித்துவிட்டது.

1955 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் கோல்டு கப் அதிவேகப் படகுப் போட்டி. கரையெங்கும் இரண்டு லட்சம் பேருக்கும் மேல். அதே நாட்களில் அமெரிக்க விமானத் தொழிலதிபர்களின் சங்கமும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமும் அங்கே கூடியிருந்தன. விமானம் செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரே ஊரில்! ஆலன் அவர்களைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போட்டி பார்க்க வந்திருந்தார். நடுவில் டேஷ் 80 ஏரிக்கு மேலே தாழப் பறந்து போகும். ஏற்பாடு அவ்வளவுதான்.

ஓட்டி வந்தவர் தலைமைச் சோதனை விமானி ஆல்வின் ஜான்ஸ்டன். எல்லோருக்கும் அவர் ‘டெக்ஸ்’. கான்சாஸ் மாநிலத்துக்காரர், கௌபாய் பூட்ஸோடுதான் விமானம் ஓட்டுவார். போர்க்காலத்தில் பெல் நிறுவனத்தில் சோதனை விமானியாக இருந்தவர். 1946-ல் தாம்சன் கோப்பை விமானப் பந்தயத்தை வென்றவர். பி-52 குண்டுவீச்சு விமானத்தை 1952-ல் முதன்முதலாக மேலே கொண்டுபோனவரும் அவர்தான். அன்று பக்கத்து இருக்கையில் ஜிம் கானெட், பின்னால் பொறியாளர் பெல் வைட்ஹெட். விமானத்தைப் புரட்டப்போகிறேன் என்று ஜான்ஸ்டன் போகும் வழியில்தான் சொன்னார். வேலை போய்விடும் என்று எச்சரித்தார் கானெட். ஜான்ஸ்டன் மனம் மாறவில்லை.

தாழ்வாக, அசுர வேகத்தில் வந்த விமானம் ஏரியின் மேலே மூக்கைத் தூக்கியது. ஒரு பக்க இறக்கை மேலெழுந்தது. எழுந்துகொண்டே போனது. நுனிக்கு நுனி ஏறத்தாழ 130 அடி நீளமான இறக்கைகள் செங்குத்தாகி, பிறகு முழுக்கக் கவிழ்ந்து, வயிறு வானத்தைப் பார்க்க, மறுபக்கமாக உருண்டு நிமிர்ந்தன. பார்த்தவர்கள் தங்கள் கண்ணையே நம்பவில்லை. நம்பாதவர்களுக்காகவோ என்னவோ, ஜான்ஸ்டன் திரும்பி வந்து இன்னொரு முறையும் செய்து காட்டினார். கவிழ்ந்திருந்த சில நொடிகளில் வைட்ஹெட் ஜன்னல் வழியே ஒரு படம் எடுத்தார். இறக்கைக்குக் கீழே தொங்க வேண்டிய இன்ஜின்கள் அதில் இறக்கைக்கு மேலே நிற்கின்றன. விமான வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த படங்களில் அது ஒன்று.

ஆலனின் படகில் பெல் நிறுவனத்தின் லாரி பெல்லும் இருந்தார். அவர் ஜான்ஸ்டனின் பழைய முதலாளி, இதய நோயாளி. அவரிடம் ஒரு இதய மாத்திரை கொடுங்கள் என்று ஆலன் கேட்டதாகச் சொல்வார்கள்.

இது வெறும் துணிச்சலா? இல்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஜான்ஸ்டன் செய்தது ‘பாரல் ரோல்’. விமானம் நின்ற இடத்தில் புரளாது. ஒரு பெரிய பீப்பாயின் உட்சுவரை ஒட்டிச் சுற்றி வருவதுபோல, சுருள் பாதையில் முன்னேறிக்கொண்டே புரளும். பால் நிறைந்த தூக்குவாளியைக் கைவீச்சில் தலைக்கு மேலே சுழற்றினால் பால் சிந்துவதில்லை. இங்கும் அதே கணக்குத்தான். சுருளின் வளைவைச் சரியாகப் பிடித்தால், தலைகீழாக இருக்கும்போதும் உள்ளே இருப்பவர் இருக்கையில் அழுத்தப்பட்டபடியே இருப்பார். எரிபொருள் தொட்டியின் அடியிலேயே நிற்கும். விமானிகள் இதை ‘ஒரு ஜி’ என்பார்கள். அதாவது நாம் தரையில் உணர்கிற அதே எடை. தொடக்கத்தில் மூக்கைத் தூக்கும்போது சற்றுக் கூடும், அவ்வளவே. வானம் எந்தப் பக்கம், ஏரி எந்தப் பக்கம் என்பது இறக்கைக்குத் தெரியாது. தன்மேல் விழும் சுமை மட்டும்தான் தெரியும்.

அந்தக் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1985 பிப்ரவரி 19 அன்று தைபேயிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய்க்கொண்டிருந்த சைனா ஏர்லைன்ஸின் 747 விமானத்தில், 41,000 அடி உயரத்தில் ஓர் இன்ஜின் வலுவிழந்தது. ஆட்டோ பைலட் சமாளித்துக்கொண்டிருந்த சாய்வை விமானிகள் கவனிக்கவில்லை. விமானம் வலப்பக்கமாகப் புரண்டு, மேகத்துக்குள் தலைகுப்புறப் பாய்ந்தது. இரண்டரை நிமிடத்துக்குள் ஏறத்தாழ 30,000 அடி சரிவு. மேகத்தைவிட்டு வெளியே வந்து தொடுவானம் கண்ணில் பட்ட பிறகே கேப்டனால் அதை நிமிர்த்த முடிந்தது. ஐந்து மடங்கு எடை அழுத்தியதில் வால் இறக்கையின் பாகங்கள் பிய்ந்து போயின. ஆனாலும் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள், உயிர்ச்சேதம் இல்லை.

திங்கட்கிழமை ஜான்ஸ்டனுக்கு ஆலனிடமிருந்து அழைப்பு வந்தது. என்ன செய்வதாக நினைப்பு என்று கேட்டார் ஆலன். விமானம் விற்றேன் என்றார் ஜான்ஸ்டன். விமானத்துக்கு ஆபத்தே இல்லை என்பதையும் விளக்கினார். அது உனக்குத் தெரியும், இப்போது எங்களுக்கும் தெரிந்துவிட்டது, இனி ஒருபோதும் செய்யாதே என்பதே ஆலனின் தீர்ப்பு. வேலை போகவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஜான்ஸ்டனின் பக்கம் நின்று ஆலனைப் பயந்தாங்கொள்ளியாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான்கே ஆண்டுகளில், 1959 அக்டோபரில், சியாட்டிலுக்கு வடக்கே ஆர்லிங்டன் அருகே, டேஷ் 80-லிருந்து உருவான 707 பயணி விமானங்களில் புத்தம் புதிய ஒன்றில் பயிற்சி நடந்தது. பின்சாய்ந்த இறக்கை கொண்ட ஜெட்களுக்கு ‘டச்சு ரோல்’ என்றொரு தள்ளாட்டம் உண்டு. அதை வேண்டுமென்றே உண்டாக்கி, அதிலிருந்து மீளக் கற்றுக்கொடுத்தார்கள். சாய்வுக்கு வகுத்திருந்த வரம்பு மீறப்பட்டது. நான்கு இன்ஜின்களில் மூன்று பிய்ந்து விழுந்தன. எட்டுப் பேரில் நான்கு பேர் இறந்தார்கள். ஜான்ஸ்டனின் கை எல்லோருக்கும் வாய்க்காது. ஆலனின் தடை அத்தனை பேருக்கும் பொருந்த வேண்டிய சட்டம்.

சரி, அந்தப் புரளல் விமானத்தை விற்றதா? வரிசையாக வந்த ஆர்டர்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1955 அக்டோபர் 13-ல் பான் அமெரிக்கன் நிறுவனம் போயிங்கிடம் 20 விமானங்களை வாங்கியது, டக்ளஸிடமோ 25. டிசி-8 அப்போது வரைபடத்தில்தான் இருந்தது! அடுத்த சில நாட்களில் யுனைடெட் நிறுவனம் 30 டிசி-8களுக்கு ஆர்டர் கொடுத்தது. காரணம், உடலின் அகலம். வரிசைக்கு ஆறு இருக்கைகள் தாராளமாகப் போடும்படி டக்ளஸ் 147 அங்குலத்தில் வரைந்திருந்தது. டேஷ் 80-ன் உடலோ 132 அங்குலம். ஆலன் பெரும் செலவைப் பார்க்காமல் 707-ன் உடலை 148 அங்குலமாக்கச் சொன்னார். டக்ளஸைவிட ஓர் அங்குலம் கூட. நவம்பர் 8-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 30 விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. 1958 அக்டோபர் 26-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு 707 பறந்தபோது, அந்த அகலத்தில்தான் மக்கள் உட்கார்ந்து போனார்கள்.

டேஷ் 80 ஒரு பயணியையும் காசுக்கு ஏற்றியதில்லை. சோதனைக் களமாகவே உழைத்தது. 727-க்காக அதன் பின்னுடலில் ஐந்தாவது இன்ஜினைக்கூட மாட்டிப் பார்த்தார்கள். 1972-ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜான்ஸ்டன் 1998-ல் காலமானார்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1994 ஜூன் 12 அன்று, போயிங் 777 முதன்முதலாகப் பறக்கத் தயாராக நின்றது. தலைமைச் சோதனை விமானி ஜான் கேஷ்மன். புறப்படும் முன் நிறுவனத் தலைவர் ஃபில் காண்டிட் அவருக்குக் கடைசியாகக் கொடுத்த உத்தரவு, புரட்டக் கூடாது என்பதுதான்.

(தொடரும்)